பதில் சொன்ன பெட்டி

கிளிநொச்சியில் வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டின் பின்னறையில்தான் மூன்று சேர்வர் கணினிப் பெட்டிகளும் இருந்தன. மத்தியானம் றொனால்ட் வந்து கதவைத் திறந்தபோது கருகிய மணம் இன்னும் போகவில்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து பஸ்ஸில் வந்த சுசிலா அவனுக்காக விறாந்தைக் கதிரையில் காத்திருந்தார்.

"ஆர் தம்பி என்ர பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தினது?"

அந்தப் பெட்டிகளில் ஓடியது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைக் காட்டும் இணையத்தளம்; றொனால்ட் அதைப் பராமரித்தான். மகன் ஸ்ரனிஸ்லஸின் முகத்தை அவர் விடிந்ததும் கைபேசியில் திறந்து பார்ப்பார். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே படத்தை, தளத்துக்கு அதைப் பிரதியெடுத்த பின், விசாரணைக்கென்று வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. இப்போது இணையத்தளத்திலும் முகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி எரிந்தது.

படமில்லாத பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று றொனால்ட்தான் அதைப் போட்டான். செத்தவரின் படத்துக்கு முன்னால் மட்டுமே அதைக் கொளுத்துவார்கள் என்பது, தானும் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரனாக இருந்தும், அவனுக்கு உறைக்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. முன்பெட்டி பாக்க வாறவையைப் பிரிச்சு அனுப்பும். நடுப்பெட்டி படங்களின்ர நகலைக் கையில வைச்சிருந்து உடன குடுக்கும். அதாலதான் லண்டனிலயும் டக்கெண்டு வருது. அதிட்ட இல்லாட்டி பின்பெட்டியைக் கேக்கும். உண்மையான படங்கள் அதுக்குள்ளதான். அது இடியில எரிஞ்சிட்டுது."

"நான் ஒவ்வொரு நாளும் கேட்டனானே. நகலாவது இருக்கோணுமே?"

"நகலுக்குத் தவணை இருக்கு அம்மா. முடிஞ்சா எறிஞ்சிடும்."

"உங்கட பெட்டியும் படத்தை வாங்கிக்கொண்டு போன கந்தோர்க்காரர் மாதிரித்தான்."

அவன் மெழுகுதிரியை நீக்கினான். ஒன்றும் வராது என்று காட்டவே ஸ்ரனிஸ்லஸின் பக்கத்தைத் திறந்தான். நடுப்பெட்டி தன்னிடம் தேடியது. இல்லை. பின்பெட்டியைக் கேட்டது.

பின்பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. வயர் எதுவும் இல்லை. ஹாட் டிஸ்க்கை அவனே கழற்றியிருந்தான்.

அதன் விசிறி மெல்லச் சுழன்றது.

கருகிய மணத்துக்கு மேலாக, கடற்கரை ஈரமணலின் மணம்.

திரையில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. தலைமயிர். நெற்றி. கண்கள். பள்ளிக்கூடச் சட்டையின் கொலர் நனைந்திருந்தது.

"இது நான் தந்த படமில்லை," சுசிலா முணுமுணுத்தார். "அதில வாயை மூடிக்கொண்டெல்லோ நிண்டவன்."

இதில் வாய் திறந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்ததுபோல.

றொனால்ட்டின் கை நடுப்பெட்டியின் வயருக்குப் போனது.

"பிடுங்காதையுங்கோ தம்பி. உயிரோட இருக்கிற ஒருத்தரும் இத்தனை வருசமா எனக்குப் பதில் சொல்லேல்லை. செத்த பெட்டி சொல்லுது."

அவர் திரைக்கு அருகில் குனிந்தார்.

"சொல்லு ராசா."

விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நெடுநேரம்.

பிறகு அதுவும் நின்றது.

றொனால்ட் பக்கத்தை மறுபடி திறந்தான். இம்முறை நடுப்பெட்டியிடம் அந்தப் படத்தின் நகல் இருந்தது. கண் இமைக்குமுன் வந்தது. நகல் மாறாது. மாறவே முடியாது.

வாய் மூடியிருந்தது.

"என்ன சொன்னவன்?" சுசிலா அவனுடைய கையைப் பிடித்தார். "தம்பி, உங்களுக்கெண்டாலும் கேட்டதோ?"

திரையில், சொல்லி முடித்தவனின் கண்கள், பதிலுக்காக, றொனால்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.