பச்சைப் பெட்ரோல்

1947, மாசி மாதம், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் சிவப்பிரகாசத்தின் கார் செத்துக் கிடந்தது. ஆட்களுக்குக் காயமில்லை. ஆனால் வண்டியை மாடு கட்டி இழுத்து வந்து எஞ்சினைப் பிரித்தபோது, ஒரு பிஸ்டனின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

மொட்டை போட்டுக்கொள்ள ஊர் உலகமெல்லாம் திருத்தணிக்கு வரும். கடலை எண்ணெய் மில் முதலாளியான சிவப்பிரகாசமோ தம் காரின் எஞ்சின் தலையைச் சீவிவர மதராஸுக்கு அனுப்பியவர். தலையைச் சீவினால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும், வண்டி பறக்கும். ஆனால் அப்படிப்பட்ட எஞ்சினுக்குக் கூப்பன் கொடுத்து வாங்கும் மட்டமான கண்ட்ரோல் பெட்ரோல் ஆகாது. ஊற்றினால் உள்ளே டக்டக்கென்று தட்டும். தட்டலோடு வேகமாக ஓட்டினால் எஞ்சின் போய்விடும். அதற்காகவே அரக்கோணத்தில் ராணுவம் விட்டுப்போன ஏரோப்ளேன் பெட்ரோலை ஏலத்தில் இரண்டு டின் எடுத்து வைத்திருந்தார். அது நல்ல பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பக்கத்து மலைச்சாலையில் போட்டி. அதில் ஜெயித்தே தீருவதென்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம் மில் ஷெட்டுக்கு வந்தார். அவசரப்படாத மனிதர். அவர் உட்கார்வதற்குள் சிவப்பிரகாசம் ஆரம்பித்துவிட்டார்.

"இந்த எலியாஸ்தான் சார். போட்டிக்கு வர்ற எவன்கிட்டயோ கை நீட்டிக் காசு வாங்கிட்டு எஞ்சினைக் கெடுத்துட்டான். பெட்ரோல்ல தப்பு இல்ல, பாருங்க, டாங்க்ல பச்சையாவே இருக்குது. அப்ப தப்பு மெக்கானிக் மேலதானே?"

மெக்கானிக் எலியாஸ் ஒரு மூலையில் நின்றான். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்து, ராணுவ லாரிகளில் தொழில் பழகியவன். கைக்குழந்தைக்காரன். வழக்கு என்று வந்தால் ஜெயில், அதற்குப் பிறகு எந்த ஷெட்டிலும் வேலை கிடைக்காது. அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஷெட் சாவி யாருகிட்ட?" என்று அவனைக் கேட்டார் பக்தவச்சலம்.

"ஒண்ணு என்கிட்ட சார். இன்னொண்ணு மொதலாளி வீட்ல மாட்டி இருக்கும்."

"பெட்ரோல் ஊத்தினது?"

"நான்தான். நேத்து காலைல. காலி டாங்க்லதான் ஊத்தினேன். பச்சையாத்தான் இருந்திச்சி."

"வேற எதையாவது தொட்டியா?"

எலியாஸ் கொஞ்சம் தயங்கினான். "ஸ்டியரிங் மேல இருக்கற லீவர் சார். இன்னிக்குக் காலைல வந்து பாத்தா பின்னால இழுத்து இருந்திச்சி. நான் முன்ன தள்ளி வச்சேன்."

"பாத்தீங்களா!" என்று சிவப்பிரகாசம் துள்ளினார்.

அந்த லீவர்தான் எஞ்சினில் நெருப்புப் பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்வது. நல்ல பெட்ரோல் என்றால் முன்னால் தள்ளி வேகம் எடுக்கலாம். மட்டமான பெட்ரோல் என்றால் பின்னால் இழுத்துவிட்டு, மெதுவாக ஓட்ட வேண்டும். அப்போது தட்டாது, எஞ்சின் பிழைக்கும்.

"காலைல வண்டி போனப்போ நீ எங்க இருந்த?"

"பக்கத்து சீட்ல சார். போட்டிக்குப் பழகறதுக்காக மொதலாளி அழுத்திகினே போறாரு. காத்து சத்தத்துல தட்டறது காதுல விழல. அப்புறம் ஒரே புகை."

பக்தவச்சலம் தலையாட்டிவிட்டு சிவப்பிரகாசத்திடம் திரும்பினார். "நேத்து வண்டிய யாரு எடுத்தாங்க?"

"என் சம்சாரம். கிருத்திகைன்னு சரவணப் பொய்கைக்குப் போய் வந்தா. நான்தான் ஓட்டக் கத்துக் குடுத்தேன். ஒரு கோளாறும் இல்லன்னு சொன்னாளே!" அந்தக் கோபத்திலும் அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

அவர் மனைவி சந்திரா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். விடியற்காலையில் தலைக்குக் குளித்திருந்தாள். கூந்தல் காய்ந்த நாராகப் பறந்தது. பக்தவச்சலம் மோரைக் குடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். அங்கே கரிசலாங்கண்ணி மண்டிக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு பெரிய காலி பாட்டில்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

புகார் எழுதியாகிவிட்டதால் எலியாஸை அழைத்துப் போகத்தான் வேண்டியிருந்தது. கூடவே இரண்டு சின்னப் பாட்டில்களும் ஸ்டேஷனுக்குப் போயின. ஒன்றில் காரின் டாங்க்கிலிருந்து எடுத்த பெட்ரோல். இன்னொன்றில், ஏலத்தில் வந்த நாளிலேயே பிளக் துடைக்க எலியாஸ் தனியே எடுத்து வைத்திருந்தது. இரண்டும் ஒரே பச்சை. பக்தவச்சலம் ஜன்னலில் அவற்றை அருகருகே வைத்தார்.

மத்தியானம் மில் வீட்டு வேலைக்காரி குப்பம்மாள் தூக்குச்சட்டியோடு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். "எலியாசுக்குச் சோறு, சாமி. அம்மா குடுத்தனுப்பிச்சாங்க. ஐயாவுக்குத் தெரிய வேணான்னாங்க."

இரவுக்கும் வந்தது. மறுநாளும் வந்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. ஜன்னல் பக்கம் திரும்பிய பக்தவச்சலம் எழுந்தே நின்றுவிட்டார். எலியாஸ் எடுத்து வைத்திருந்த பாட்டில் அப்படியே பச்சையாக இருந்தது. டாங்க்கிலிருந்து எடுத்தது வெயில் பட்டுப் பழுப்பாகி, கஷாய நிறத்துக்கு வந்திருந்தது. அதில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டார். பெட்ரோல் பறந்துபோன பிறகும் எண்ணெய்க் கறை நின்றது.

அவர் வீட்டில் கூந்தல் தைலப் பாட்டிலைத் துணி சுற்றி இருட்டு அலமாரியில்தான் வைப்பார்கள். வெயில் பட்டால் இலைப் பச்சை வெளுத்துவிடும்.

ஐந்தரை மணிக்கு எலியாஸையும் கூட்டிக்கொண்டு மில் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, உங்க டின்ல இருந்தது ஏரோப்ளேன் பெட்ரோல் இல்ல. உங்க மில் லாரிக்கு வர்ற கண்ட்ரோல் பெட்ரோல். பச்சை நிறத்துக்குக் கரிசலாங்கண்ணித் தைலம் கலந்திருக்கு."

"அப்ப இவன்தான் மாத்திட்டு..."

"இவன் மாத்தி இருந்தா லீவரை முன்ன தள்ளுவானா? தள்ளிட்டு, அந்த வேகத்துல உங்க பக்கத்துலயே உக்காந்து வருவானா? பெட்ரோல் நல்லதுன்னு நம்பினதாலதான் தள்ளினான். லீவரைத் தொட்டான்னு நீங்க இவன் மேல குத்தம் சொன்னீங்களே, அதுதான் இவனுக்குச் சாட்சி."

சிவப்பிரகாசம் எலியாஸைத் திரும்பிப் பார்த்தார்.

"லீவரைப் பின்னால இழுத்தது யாரோ, அவங்களுக்குத்தான் பெட்ரோல் மட்டம்னு தெரியும். பொய்கைக்குப் போற வழியில, நாலு பேரு நடுவுல வண்டி நின்னுடக் கூடாதுன்னு பயந்து இழுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் மறுபடி முன்ன தள்ள மறந்துட்டாங்க. அதுவும் இல்லாம, வெள்ளிக்கிழமை தலை முழுகினவங்க தலையில சொட்டு எண்ணெய் காணோம். எண்ணெய் மில்லுக்காரர் வீட்ல! வீட்ல இருந்த தைலம் அவ்வளவும் டின்னுக்குள்ள போயிடிச்சி. இல்லையாம்மா?"

கதவோரம் நின்ற சந்திரா முன்னால் வந்தாள்.

"ஆங். நான்தாங்க. புதன்கிழமை எலியாசு சாப்பிடப் போனப்போ மாத்தினேன். நல்ல பெட்ரோலு லாரி டின்லதான் இருக்குது."

"சந்திரா!" என்றார் சிவப்பிரகாசம். "ஏன்?"

"போன போட்டியில பள்ளத்துல உருண்டு ரெண்டு மாசம் படுத்துகினு கெடந்தீங்களே. ஒவ்வொரு கை சோத்தையும் நான்தான் ஊட்டினேன். அந்த மலைச்சாலையில மறுபடி போனா உங்கள யாரு தூக்கிகினு வர்றது? வண்டி போனா போவட்டும், நீங்க இருக்கணும்னு நெனச்சேன். எஞ்சின் தட்டினா, மிலிட்டரி பெட்ரோலு சரியில்லன்னு சொல்லிட்டு போட்டிய விட்டுடுவீங்கன்னு பாத்தேன். நேத்து காலைல அந்த வேகத்துல போவீங்கன்னும் நெனைக்கல, எலியாசைப் புடிச்சிக் குடுப்பீங்கன்னும் நெனைக்கல."

"நேத்தே ஏம்மா சொல்லல?" என்றார் பக்தவச்சலம்.

"சொன்னா இவரு கோவத்துல யாருகிட்டயாவது வண்டி வாங்கிகினு போட்டிக்குப் போயிடுவாரு. நாளைக்கு மத்தியானம் போட்டி முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லி இருப்பேன். அதுக்குள்ள இவன் ரெண்டு நாளு உள்ள கெடந்தான். அது என் பாவம்." அவள் எலியாஸ் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். கண்ணில் நீர் வழிந்தது. "மன்னிச்சிடு எலியாசு."

எலியாஸ் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"சொந்த வண்டிய வீட்டுக்காரங்களே கெடுத்தா அதுக்கு வழக்கு இல்ல," என்றார் பக்தவச்சலம். "பொய்ப் புகாருக்குத்தான் வழக்கு உண்டு. அதை வாபஸ் வாங்கறது உங்க கையில, ஐயா."

சிவப்பிரகாசம் நெடுநேரம் தம் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். போன போட்டியில் முறிந்த தோள் அது. பிறகு அங்கேயே, நின்றபடியே வாபஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எலியாசு," என்றார் தலை குனிந்தபடி. "உன்னைத் துரோகின்னு நெனச்சிட்டேன்பா. வண்டிய நீயே சரி பண்ணுவியா?"

எலியாஸ் சந்திராவைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான்.

"செய்யறேன் மொதலாளி. புது பிஸ்டன் போட்டு, தலைக்கு அடியில தடிமனா தகடு வச்சிடறேன். அழுத்தம் கொறைஞ்சிடும். கண்ட்ரோல் பெட்ரோல்லயே தட்டாம ஓடும். ஆனா அந்த வேகம் திரும்ப வராது."

"எவ்ளோ வேகம் வரும்?"

"பொய்கைக்குப் போய் வர்ற வேகம் வரும்."

சிவப்பிரகாசம் மனைவியின் காய்ந்த கூந்தலை ஒருமுறை பார்த்தார்.

"தகடு வைப்பா," என்றார்.

அடுத்த கிருத்திகைக்கு அந்தக் கார் சரவணப் பொய்கைக்கு வந்தபோது பக்தவச்சலம் அங்கே காவலுக்கு நின்றிருந்தார். சந்திரா ஓட்டிவந்தாள். தலையில் எண்ணெய் மினுமினுத்தது. பக்கத்து இருக்கையில் சிவப்பிரகாசம் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு குதிரை வண்டிக்காரன் வழி கேட்டு மணியடிக்க, சந்திரா ஒதுங்கி வழி விட்டாள். சிவப்பிரகாசம் லீவரைத் தொடவே இல்லை.