ஐந்தாம் குரோமோசோமின் கடைசி இடைவெளி

புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த முதல் நாள் காலையில், இசோபே கணினிப் பிரிவுக்கு வந்து சுகினோவின் மேசைமேல் ஒரு தாளை வைத்தாள்.

"கட்டுரைலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க, சுகினோ சான்."

ஜப்பானின் ஒகயாமா நகரத்து அந்த ஆய்வகம் ஆறு ஆண்டுகளாக அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் ஐந்தாம் குரோமோசோமின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துவந்தது. கடுகுக்கு உறவான செடி. சிறுத்தாலும் காரம் குறையவில்லை. மிச்சம், இன்னும் படிக்கப்படாத ஒரே ஓர் இடைவெளிதான். அதை அடைக்கும் துண்டைப் படித்தவள் இசோபே. ஆனால் அவள் அனுப்பியது அந்த இடத்துத் துண்டே அல்ல என்று ஜெர்மன் கூட்டாளிகள் எழுதிவிட்டார்கள். இசோபே மாதிரிகளை மாற்றி ஊற்றிவிட்டாள் என்று இயக்குநர் நாகஹோரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"யாரோ வேணும்னே பண்ணிருக்காங்க," என்று பக்கத்து மேசையிலிருந்து தமாகி துள்ளினான். முனைவர் பட்டம் வாங்கி மூன்று மாதமே ஆனவன். எதிலும் சதியைக் கண்டுபிடிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"முதல்ல டீயைக் குடிப்பா," என்றார் சுகினோ. தாளைப் பார்த்தார். தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டின் முடிவுகள். முதல் குழி மட்டும் வெறுமை. மற்றவை எல்லாம் தெளிவு.

"முதல் குழியிலேயே கோட்டை விட்டுட்டேன்னு சார் சொல்றார்," என்றாள் இசோபே.

"இதுல என்னென்ன ஊத்தினீங்க?"

"மேல் பாதில இடைவெளித் துண்டு. கீழ் பாதில வேற இடத்துத் துண்டு. கடைசிக் குழில வெறும் தண்ணி, சோதனைக்காக. எப்பவும் அப்படித்தான்."

"இயந்திரத்துல எப்போ ஓட்டினீங்க?"

"இருபத்தெட்டாம் தேதி, வருஷக் கடைசி துப்புரவு முடிஞ்சதும். தட்டை எடுத்துட்டு, இயந்திரத்தோட மூடி மேல புத்தாண்டுப் படையலா மோச்சி வச்சுட்டுக் கிளம்பினேன்."

மூவரும் இயந்திர அறைக்குப் போனார்கள். துண்டுகளைப் படிக்கும் இரண்டு இயந்திரங்கள் அருகருகே இருந்தன. இரண்டாவதன் மூடிமேல், காய்ந்து வெடித்த மோச்சி அரிசி உருண்டைகளின் அடுக்கும் அதன் தலையில் ஓர் ஆரஞ்சும். வைத்த நாளிலிருந்து யாரும் மூடியைத் திறக்கவில்லை. சுவரில் துப்புரவுப் பட்டியல் தொங்கியது. சுகினோ அதை ஒரு முறை படித்துவிட்டு, இயக்குநரை அழைத்துவரச் சொன்னார்.

நாகஹோரி கைகட்டி நின்றார்.

"சார், தண்ணி ஊத்தினது கடைசிக் குழில. வெறுமையா வந்தது முதல் குழி," என்றார் சுகினோ. "ஒரு தட்டை அப்படியே அரைச்சுற்று திருப்பி வச்சா, கடைசி முதலாகும், மேல் பாதி கீழ் பாதியாகும். இவங்க ஊத்தினதுல ஒரு சொட்டும் தப்பில்ல. இயந்திரம் தலைகீழாப் படிச்சிருக்கு."

"அப்ப தட்டைத் திருப்பி வச்சது அவதானே?"

சுகினோ மோச்சியை இரு கையாலும் இறக்கிவைத்து, இரண்டு மூடிகளையும் திறந்தார். முதல் இயந்திரத்தில் தட்டைத் தாங்கும் பலகையின் சிவப்புக் குறி இடது மூலையில், பின்பக்கம். இரண்டாவதில் வலது மூலையில், முன்பக்கம்.

தமாகி பட்டியலைப் பார்த்தான். 'இரண்டாம் இயந்திரம்: நாகஹோரி.' ஆண்டுதோறும் இயக்குநரே துணியும் கையுமாக மண்டியிட்டுத் துடைப்பது அங்கே எல்லோருக்கும் பெருமை. பலகையைக் கழற்றித் துடைத்தவர் திருப்பி மாட்டிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"குறி இடம் மாறினதைப் பார்த்தீங்களா, இசோபே சான்?" என்று சுகினோ கேட்டார்.

"பார்த்தேன்." அவள் தரையைப் பார்த்தாள். "குறி எங்கேயோ தட்டோட முதல் குழியும் அங்கே, சொந்த புத்தி வேண்டாம்னு சார் விதி. துடைச்சதும் சார். அவர் மாட்டினதை நான் எப்படிக் கேள்வி கேக்கறது?"

தமாகி கணினிக்கு ஓடி, குழி எண்களைத் தலைகீழாக்கித் துண்டுகளைப் பொருத்தினான். இடைவெளி இரு பக்கமும் ஓரெழுத்து பிசகாமல் மூடிக்கொண்டது. ஒரு குரோமோசோம், ஒரே நீளமாய். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நாகஹோரி இசோபேயின் முன் இடுப்பு மடியக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் தமாகியிடம் சொன்னார்: "ஜெர்மனிக்கு எழுது. தப்பு இயக்குநரோடதுன்னு எழுது. கடைசி இடைவெளியை மூடினது இசோபே ஃபுமியோன்னு முழுப் பேரும் போடு."

"எழுதினதை நான் ஒரு தடவை சரிபார்த்துடறேன் சார்," என்றாள் இசோபே.

இயக்குநர் தம் நாற்காலியை இழுத்துவந்து, கணினி முன்னால் அவளுக்குப் போட்டார்.