ஆறு நாளாகப் பேசாத பெட்டி

அந்தப் பெட்டி பேசி ஆறு நாள் ஆகிவிட்டது.

வாலுவின் அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். அவருக்குக் கண் தெரியாது. ட்யூபைக் கன்னத்தருகே பிடித்தே ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். நோட்டுதான் அவரைப் படுத்தி எடுக்கும். இருபது என்று சொல்லிப் பத்தைத் திணித்துவிட்டுப் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான் பெட்டியை வாடகைக்கு வாங்கி வைத்தார்கள். யாராவது போனில் பணம் அனுப்பினால், "இருபது வந்தது" என்று சத்தமாகச் சொல்லும். அப்புறம் எவருடைய பாச்சாவும் பலிக்கவில்லை.

போன வாரம் தையல்கார அக்கா பணம் அனுப்பியபோது பெட்டி மூச்சு விடவில்லை. அனுப்பிவிட்டேன் என்று அவர் எவ்வளவோ சொன்னார். ஏமாந்து ஏமாந்து நொந்துபோன அப்பா நம்பவில்லை. அக்கா மறுபடியும் அனுப்பினார். அப்போது பெட்டி பேசியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், இரண்டு தடவை பணம் வாங்கிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லோரும் நோட்டைத்தான் நீட்டினார்கள். நேற்றுகூட எவரோ பத்தைக் கொடுத்து ஏய்த்துவிட்டார்.

"பெட்டிக்கு மாச வாடகை வேற. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடலாம்," என்றார் அப்பா.

இனி பழையபடி ஏமாற வேண்டியதுதான். வாலுவுக்கு அழுகை முட்டியது. அப்பாவின் போனை எடுத்து, வந்த பணத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அக்கா முதலில் அனுப்பிய இருபதும் அன்று கடையை மூடிப் பெட்டியை அணைத்த பிறகு வந்திருந்தது.

"அப்பா, அந்த அக்கா பொய் சொல்லல. நாமதான் அவங்கள ஏமாத்திட்டோம்."

அப்பா ட்யூபைக் கீழே வைத்தார். அந்த இருபதைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். வாலு அனுப்பினாள். ஓடிப்போய் மன்னிப்பும் கேட்டாள். அக்கா தையல் மெஷினிலிருந்து தலை நிமிரவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வரை ஒருவரும் போனில் பணம் அனுப்பவில்லை. அணைக்க மனம் வராமல், அப்பா பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அப்படியே பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் தையல்கார அக்கா காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஞ்சர் ஒட்டி முடிந்ததும் போனை எடுத்தார்.

"ரெண்டு தடவ வந்தா ஒண்ணு திரும்பி வரும்ல?"

"கண்டிப்பா வரும்க்கா," என்றாள் வாலு.

அக்கா அனுப்பினார். "அனுப்பிட்டேன்," என்றார். பைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நீங்க கெளம்புங்கம்மா," என்றார் அப்பா. "அனுப்பிட்டேன்னு சொன்னீங்கல்ல, அது போதும்."

அக்கா தெருமுனை திரும்பிய பிறகுதான் பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இருபது வந்தது."

"இப்பதான் வர்றியா?" என்று கேட்டுக்கொண்டே, அப்பா பெட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.