பூத்தும் காய்க்காத பந்தல்

தோட்டத்து முதலாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கையிலிருந்த பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு காலி பூச்சிமருந்து டப்பா உருண்டு வந்தது. அண்ணி அதைத் தொடாமல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். கேமராவைத் தூக்கியது நாத்தனார்தான். வழக்கு என்று ஒன்று மாடிப்படி ஏறிவிட்டால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும்.

அண்ணி இருபது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யான தீவிபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டபின் தையல் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறிகிறாள். அண்ணன் மனைவிக்கு உதவி என்று ஒரு வாரம் வந்த நாத்தனார் நான்கு வருஷமாக வீட்டுக்குத் திரும்பிப் போகிற யோசனையில் இல்லை.

முதலாளி படபடவென்று கொட்டித் தீர்த்தார். மூன்று ஏக்கரில் பேஷன் ஃப்ரூட் என்கிற தாட்பூட் பழக் கொடி. பந்தல் முழுக்கப் பூ; ஆனால் ஒன்றுகூடக் காயாகாமல் உதிர்கிறது. கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் வஞ்சம் வைத்து மருந்தடித்துவிட்டான். டப்பா அவன் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. இன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. நாளைக்குப் போலீசில் புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும்.

"என்ன வஞ்சம்?" என்று அண்ணி கேட்டாள்.

"போன வருஷம் பந்தல்ல இருந்த பழைய மரக்கம்பத்தையெல்லாம் புடுங்கி எரிச்சிட்டு சிமெண்ட் கம்பம் போட்டேன் மேடம். அன்னைலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறான்."

அவர்கள் தோட்டத்துக்குப் போனபோது கொடிக்காரரின் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. பாய், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் பாதி ஏறியிருந்தன. பதினெட்டு வருஷக் குடித்தனம். டப்பாவைக் காட்டியதும் அவர் மனைவி அழுதுவிட்டாள். பழைய டப்பாவைக் கழுவிச் சோப்புத்தூள் போட்டு வைத்திருந்தாளாம். நாத்தனார் மோந்து பார்த்தாள்; சோப்பு வாசனைதான் அடித்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. மருந்தை அடித்துவிட்டுப் பிறகு கழுவியிருக்கலாமே!

கொடிக்காரர் கயிறு கட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "வண்டு போச்சு, காயும் போச்சு. அப்பவே சொன்னேன், கேக்கல. இனி என்னத்தச் சொல்ல."

மனசு விட்டுப்போய் ஏதோ பிதற்றுகிறார் என்று நாத்தனார் நினைத்தாள். அண்ணி மட்டும் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

பந்தலுக்குள் பூக்கள் தட்டுத் தட்டாக விரிந்திருந்தன. தேனீக்கள் மொய்த்தன. இலைக்காம்புகளில் எறும்புகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. நாத்தனார் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் பையில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றாள். அண்ணி தலையாட்டிவிட்டுப் பந்தலின் கடைசி மூலைக்கு நடந்தாள். அங்கே மோட்டார் அறையை ஒட்டிய நாலு கொடிகளில் மட்டும் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"தண்ணி பக்கத்துல இருக்கறதால இருக்கும், அண்ணி."

"தண்ணி குழாய்ல எல்லாக் கொடிக்கும்தான் போகுது. மேல பாரு."

மோட்டார் அறைக்குப் பழைய மர உத்திரம். அதில் விரல் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள். கீழே தரையில் புதிதாக விழுந்த மரத்தூள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓட்டையிலிருந்து கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் ஒன்று பெருத்த ரீங்காரத்துடன் கிளம்பியது. நாத்தனார் கேமராவோடு குனிந்துகொண்டாள்.

"ஐயோ, வண்டு!"

அண்ணி மெதுவாகச் சிரித்தாள். எல்லாரையும் இங்கே கூப்பிடு என்றாள்.

முதலாளி முறைப்போடு வந்தார். கொடிக்காரர் கையில் கயிற்றோடு வந்து தள்ளி நின்றார்.

"யாரும் மருந்தடிக்கல," என்று அண்ணி தொடங்கினாள். "அடிச்சிருந்தா முதல்ல சாகறது இந்த எறும்பும் தேனீயும். ரெண்டும் நல்லா இருக்கு. இலைக்காம்புல துளித் தேன் சுரக்குது, அதுக்குத்தான் எறும்பு வருது. வந்த இடத்துல கொடியத் திங்கற புழுவ விரட்டுது."

"அப்புறம் ஏன் காய்க்கல? தேனீதான் இவ்வளவு இருக்கே."

"இந்தப் பூவுக்குத் தேனீ பத்தாது. மகரந்தம் உயரத்துல, கீழ்ப்பக்கமா பாத்துத் தொங்குது. தேனீ சின்னது, அள்ளிக்கிட்டுப் போயிடும்; சூல்முடியத் தொடாது. பெரிய உடம்பு நுழைஞ்சாதான் முதுகுல ஒட்டி அடுத்த கொடிப் பூவுக்குப் போகும். அந்த உடம்பு இப்ப பறந்துச்சே, அந்தக் கருவண்டுதான். அது குடியிருக்கறது காய்ஞ்ச மரத்துல. உங்க பழைய கம்பத்துல எல்லாம் அதுதான் இருந்துச்சு. இப்ப இந்த ஒரு உத்திரம்தான் மிச்சம். அதனாலதான் இந்த நாலு கொடி மட்டும் காய்ச்சிருக்கு."

முதலாளி உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கம்பத்த மாத்தப்போறேன்னு சொன்னப்ப, இவர் என்ன சொன்னார்?"

"வண்டெல்லாம் போயிடும் முதலாளின்னான்." அவர் குரல் இறங்கியது. "நல்லதுதானேன்னேன்."

"அரிசியில விழறதும் வண்டு, கட்டைய அரிக்கறதும் வண்டு, பூவுல உக்கார்றதும் வண்டு. நமக்கு எல்லாத்துக்கும் ஒரே பேரு. அவர் எச்சரிக்கை சொன்னார். நீங்க நல்ல சேதின்னு கேட்டுக்கிட்டீங்க."

நாத்தனார் தன் குறிப்பேட்டைப் பிரித்து, தானே எழுதிய வரியை மறுபடி படித்தாள். வெட்கமாக இருந்தது.

"நாலு கட்டையப் புடுங்கினா மூணு ஏக்கர் காயும் போயிடும்னு யாருக்கு மேடம் தெரியும்?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கே," என்றாள் அண்ணி.

முதலாளி சட்டென்று திரும்பினார். விறுவிறுவென்று வேனுக்குப் போனார். பாத்திர மூட்டையை இறக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். உள்ளே கரண்டிகள் கலகலத்தன. கொடிக்காரரின் மனைவி பதறிப்போய் எழுந்தாள். முதலாளி அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பண்ணினது தப்பும்மா. போகாதீங்க," என்றார்.

கொடிக்காரர் கிட்டே வந்து மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார்.

"இது எங்கயும் ஓடிப்போகாது, முதலாளி. பூ இன்னைக்கு ஒருநாள்தான், ராத்திரி மூடினா மூடினதுதான். விரல்ல மகரந்தத்தத் தொட்டு, அடுத்த கொடிப் பூவுல தடவணும். நேரமில்ல, வாங்க."

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார். நாத்தனாரும் கேமராவை வேனில் வைத்துவிட்டுப் பந்தலுக்குள் ஓடினாள்.