மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவவும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் பேய் இல்லை. இதை நான் முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். பூசாரிமாரும் பாதர்மாரும் பேயைத் தேடிய இடங்கள் ஆலமரம், பாழ்கிணறு, பாலத்தடி. காற்றுக்குள் இறங்கித் தேடிய ஒரே ஆள் நான்தான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட காற்றைத் தகட்டில் ஒட்டவைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்திருக்கிறேன். மிஞ்சுவது தூசி, உப்பு, ஈ இலையான்களின் கால். அவ்வளவுதான்.

2010 ஆம் ஆண்டு இந்த அறிவிப்பைக் குருக்கள்மடத்துத் தேத்தண்ணிக் கடையில் வெளியிட்டேன். கேட்டவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் நித்திரை.

அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் ஏசி வேலை படித்து முடித்து, மீராசாஹிப் காக்காவின் கடையில் சேர்ந்திருந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் இரண்டாமிடம். வகுப்பில் மொத்தம் ஐந்து பேர் என்பதை யாரும் கேட்காதவரை நான் சொல்வதில்லை.

மாசி மாதம் ஒரு பெட்டி வந்தது. வீடு முழுக்கக் காற்றைச் சுத்தமாக்கும் மின்சார மிஷின். சுவிஸிலிருந்து ஒருவர் தன் அண்ணனுக்காக அனுப்பியிருந்தார். காக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஜெயந்தன், நீதானே பெரிய படிப்புப் படிச்சவன். நீயே போய்ப் பூட்டு” என்றார்.

கல்முனை றோட்டிலிருந்து கடல்பக்கம் இறங்கினால் அந்த வீடு. முன்பக்கம் முழுக்கப் புதுசு, தம்பி அனுப்பிய காசில் எழும்பியது. பின்பக்கச் சுவர் ஒன்று மட்டும் பழசு. அதில் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் மண்நிறக் கோடு ஓடியது. கடல் வந்து நின்ற உயரம். அதன்மேல் அவர்கள் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஜெயராஜா அண்ணன், தபால் கந்தோரில் இருந்தவர். சுனாமி நேரம் சேற்றுத் தண்ணீர் குடித்து, அது நெஞ்சுக்குள் போய், ஐந்து வருடமாக அரை மூச்சில் வாழ்கிறவர். தூசி பட்டால் அந்த அரை மூச்சும் இல்லை. மனைவி மார்கிறட் அக்கா. பிள்ளைகள் இல்லையா என்று நான் கேட்கவில்லை. சுவரில் ஒரு படம் இருந்தது. யேசு பிறப்புக்கு எடுத்த நத்தார்ச் சட்டை போட்ட ஆறு வயதுப் பிள்ளை, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு.

வேலை பெரிய வேலையில்லை. வீடு முழுக்க ஒரே ஏசி, முகட்டுக்குள்ளால் குழாய். காற்று திரும்பிப் போகிற வழி ஒன்று நடைபாதையில் இருந்தது. அந்தச் சதுர ஓட்டைக்குள் மிஷினை வைத்து முடுக்கினேன். முன்னால் வலை, அதற்குப் பின்னால் மெல்லிய கம்பிகள், அதற்கும் பின்னால் வரிசையாக அலுமினியத் தகடுகள். கம்பியைத் தாண்டும் தூசிக்கு மின்சாரம் ஏறும், ஏறியது தகட்டில் ஒட்டும். கடிக்கிற நுளம்போ பெரிய தூசியோ பட்டால் ‘சட்’ என்று ஒரு சொடுக்கு. மின்னல் அடித்த பிறகு முற்றத்தில் வருகிற மணமும் கொஞ்சம் வரும்.

மிஷின் கதவில் ஒரு அட்டை ஒட்டி, ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவவும்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். கீழே திகதிக்கும் கையொப்பத்துக்கும் கட்டம் போட்டேன்.

ஒரு மாதம் பிந்தி, ஆனி மாதம்தான் முதல் கழுவலுக்குப் போனேன். காலை ஒன்பது மணி. முன்கதவு திறந்து கிடந்தது. உள்ளே மார்கிறட் அக்கா யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தா.

“டினு, ஒழும்பிட்டியா?”

சட்.

“பல் தீட்டினியா?”

சத்தமில்லை.

“கள்ளி. போய்த் தீட்டு.”

எட்டிப் பார்த்தேன். நடைபாதையில் அவ ஒரு வாங்கு போட்டு, மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. வேறு யாரும் இல்லை.

ஜெயராஜா அண்ணன் என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பத்தடி நடந்ததற்கு அவருக்கு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கியது.

“எங்கட மகள் டினுஷா. அந்த நத்தாருக்கு முன்பல் ரெண்டும் விழுந்துட்டு. வாயைத் திறக்க வெக்கம். எதைக் கேட்டாலும் நாக்கால ஒரு சொடுக்கு. அது ஓம். பேசாம இருந்தா, இல்ல.” மூச்சை இழுத்துக்கொண்டார். “மறுநாள் காலையிலதான் கடல் வந்தது. எடுத்துப் பாக்கக்கூட எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல.”

“அண்ணன், அது ஊத்தை கூடினா வாற சத்தம். கழுவினா நிண்டுரும்.”

“தெரியும் தம்பி. அதாலதான் சொல்றன், கழுவாத.”

“உங்கட நெஞ்சுக்குத்தானே இந்த மிஷின்?”

“அஞ்சு வருசம் மார்கிறட் வாய் திறக்கல்ல. இப்ப கதைக்கிறா. போன கிழமை சிரிச்சவ.” அவர் என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து என் கையில் தந்தார். “கையெழுத்தை மட்டும் வை.”

வைத்தேன். ‘கழுவியாச்சு, ஜெயந்தன்.’

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் இதை நடித்துக் காட்டினேன். கடையின் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, “கிளியே, சாப்பிட்டியா? கொடுவா மீனா, கோழியா?” என்று கேட்டேன். நித்திரை கொள்கிற ஆள்கூட ஒழும்பிச் சிரித்தார். புரட்டாதியில் மறுபடியும் கையெழுத்து. மறுபடியும் நாடகம். அந்த முறை குளிர்ப்பெட்டியின் குரலையும் நானே குடுத்தேன்.

ஐப்பசியில் மார்கிறட் அக்காவிடமிருந்து போன் வந்தது. “உடன வா மனே” என்று மட்டும் சொன்னா.

நான் போனபோது அந்த அட்டை அவ கையில் இருந்தது.

“இது உன்ட கையெழுத்தா?”

“ஓம் அக்கா.”

மற்றக் கையின் விரலைத் தூக்கிக் காட்டினா. தகட்டில் தடவிப் பார்த்திருக்கிறா. விரல் கரிபோலக் கறுத்திருந்தது.

“இவரைப் பதினொரு நாள் ஆசுபத்திரியில வச்சிருந்தவங்க. வீட்டில தூசி எப்பிடி எண்டு டாக்குத்தர் கேக்க, மிஷின் இரிக்கு, கழுவுறம் எண்டு நான் பெருமையாச் சொன்னன்.”

கட்டிலில் ஜெயராஜா அண்ணன் தலையணை நாலை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அவருடைய மூச்சுச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. “அவனை ஏசாத. நான்தான் சொன்னன்” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. “அது... அப்பிடியே... கிடக்கட்டும்.”

“டினு போனா நான் அழுவன். நீங்க இருந்து என்னைப் பாத்துக்குவீங்க. நீங்க போனா ஆர் இரிக்கா எனக்கு?” அவ என் பக்கம் திரும்பினா. “கழுவு மனே.”

மிஷின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெடித்துக்கொண்டிருந்தது. சட். சட். எட்டு மாத ஊத்தை. அது அப்படித்தான் வெடிக்கும், புத்தகத்தில் இருக்கிறது. நான் சுவிச்சில் கை வைத்தேன்.

“பொறு. ஒருக்கா கேட்டுட்டு.”

அவ வாங்கில் உட்கார்ந்தா.

“டினு. அப்பாவுக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு, கிளி. கழுவட்டா?”

வெடிப்பு நின்றது.

காற்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு சொடுக்கும் இல்லை. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு. புத்தகத்தில் இது இல்லை.

அறைக்குள் ஜெயராஜா அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது எனக்குக் கேட்டது. அடக்குவதற்கு அவரிடம் இருந்ததே கொஞ்சம்.

சட்.

மிக மெல்லிசாக. மனமில்லாமல் சொல்லுகிற ஓம் மாதிரி.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

தகடுகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சுடுதண்ணியும் சவர்க்காரமும் கலந்த பேசினில் அமிழ்த்தினேன். தண்ணீர் முதலில் கறுத்தது. அது சரி. மறுகா சாம்பல் நிறமானது. அதுவும் சரி.

மறுகா வெள்ளையானது.

பால்போல வெள்ளை. அதிலிருந்து பிள்ளைகளுக்குப் பூசுகிற பவுடர் மணம் எழும்பியது. அந்த வீட்டில் பவுடர் டின் எதுவும் இல்லை. நான் சவர்க்காரப் போத்தலை மணந்து பார்த்தேன். தேசிக்காய்ப் புளி மணம்தான்.

தண்ணீரைச் சரித்தேன். அடியில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தது. பருமணல், கடற்கரை மணல். தகடு பிடிப்பது கோதுமை மாவைவிடச் சின்னத் தூசியை. இந்த மணல் முன்வலையிலேயே நின்றிருக்க வேண்டும்.

மணலுக்குள் வெள்ளையாக ஏதோ. அரிசி என்று நினைத்தேன்.

பல்.

ஒரு சின்னப் பாற்பல்.

மார்கிறட் அக்கா கத்தவில்லை. குனிந்து எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்தா. “இவர்தான் ரெண்டையும் கூரையில எறிஞ்சவர். நல்ல பல் முளைக்கட்டும் எண்டு.”

“அந்தக் கூரை...”

“வாவிக்குள்ள கிடந்தது.” பல்லை உள்ளங்கையில் வைத்து மூடினா. “புதுக் கூரை போட்டு ரெண்டு வருசம்தான் மனே.”

தகடுகளை வெயிலில் சாய்த்து வைத்தோம். ஈரம் முழுக்கக் காய இரண்டு மணித்தியாலம் வேண்டும். எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. தகடு இல்லாமல் விட்டுவிட்டு ஓடினால் காக்கா கொல்லுவார் என்று உட்கார்ந்தேன். அவ தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா.

“உன்ட அண்ணன்ட புதினம் ஏதும்?”

ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ரதீஸ் அண்ணன் கடைசிச் சண்டை நேரம் வன்னியில் நின்றவன். போன வருடம் மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா அவன் படத்தோடு எல்லா முகாமுக்கும் போய் வந்தவ. செத்துப்போனான் என்று சொன்னவர்களோடு கதைப்பதை நிறுத்தியவ. அந்தப் பட்டியல் நீளம்.

“இல்ல அக்கா. வருவான் எண்டு அம்மா இரிக்கா.”

“நீ?”

“நான் ஏசி திருத்துறன்.”

அவ என்னையே பார்த்தா. மறுகா காய்கிற தகடுகளைப் பார்த்தா. அவ என்ன நினைக்கிறா என்று விளங்கி எனக்குச் சிரிப்பு வந்தது. “அக்கா, மிஷினிட்டக் கேட்டா புதினம் வரும் எண்டா, அம்மா இவ்வளவு முகாமுக்கு ஏன் அலையணும்? ஒரு மிஷினை வாங்கி வச்சிருப்பாதானே?”

அவ கோப்பையை வாங்கிக்கொண்டு போனா.

மத்தியானம் தகடுகளைப் பூட்டினேன். சுவிச்சைப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது. காற்று மெல்ல ஓடியது.

மார்கிறட் அக்கா வாங்கில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா.

“டினு?”

ஒன்றுமில்லை.

“அப்பாவோட கோவமா?”

ஒன்றுமில்லை.

“சரி கிளி. போயிட்டு வா.”

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. பைப்பைத் திறந்துவிட்டா. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவ அழுவது எனக்குக் கேட்டது. ஜெயராஜா அண்ணனின் அறையில் ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். நித்திரை. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது.

திரும்பி வந்தபோது முன்வலை இன்னும் வாங்கின்மேல் கிடந்தது. பூட்ட மறந்துவிட்டேன். சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்தேன். விளக்கு அணைந்தது. உள்ளே இருட்டு. கழுவின தகட்டின் குளிர். அதற்கும் பின்னால், வீட்டின் முகடு முழுக்க ஓடுகிற குழாய்.

திரும்பிப் பார்த்தேன். நடைபாதையில் யாரும் இல்லை.

முழங்காலிட்டேன். வாயைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“டினுஷா.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நான் தங்கச்சி, மிஷின் பூட்டின அண்ணன். கோவிக்காத. ஒண்டு மட்டும் சொல்லு. நீ நிக்கிற இடத்துக்கு... போன வருசம், வைகாசியில... உசரமா, மெலிஞ்ச ஒரு ஆள். ரதீஸ் எண்டு பேர். வந்தவரா?”

காத்திருந்தேன்.

சத்தமில்லை என்றால், இல்லை. அங்கே இல்லை என்றால் இங்கே எங்கேயோ இருக்கிறான். அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். இருபது வரை எண்ணினேன். ஐம்பது வரை எண்ணினேன். சத்தமில்லை. வாழ்க்கையில் எந்த மௌனத்துக்கும் நான் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலையை வைத்து, கதவை மூடிக் கொளுக்கியை மாட்டினேன்.

பிளக் இன்னும் என் கையில்தான் தொங்கியது.

சட்.

கிட்டத்தில், மெல்லிசாக, கதவுக்கு நேர் பின்னால்.

பிறகு, குழாயின் ஆழத்தில், முகட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, ஒரு பெரிய ஆளின் நாக்குச் சத்தம்போல இன்னொன்று.

சட்.