ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ்

துப்பறிவாளருக்கு அன்று பல்வலி. அந்த நேரம் பார்த்துத்தான் தையல்கார அம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"கடைக்கு கோர்ட்டுல சீல் வெச்சுட்டாங்க சார். சாயங்காலம் மெஷினெல்லாம் ஏலம். வாடகை பாக்கி இருக்கு, இல்லைங்கல. ஆனா சீல் வைக்கிறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டணுமாம். என் கண்ணுல அப்படி எதுவும் படல. பட்டிருந்தா ராவும் பகலும் யூனிபார்ம் தைச்சுக் கொடுத்துக் கட்டியிருப்பேன். சீல் வைக்க வந்த கோர்ட் அமீனாவோ ஒட்டினேன்னு சாதிக்கிறார். மெஷின் போச்சுன்னா நான் என்னத்தை வெச்சுப் பொழைப்பேன்?"

"மறையுற மையில எழுதியிருப்பாங்க மாமா," என்றான் மச்சினன். "கடையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வேலைதான்."

துப்பறிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவைக் கட்டிய பாவத்துக்குத் தம்பியையும் சேர்த்துக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது.

கடை வாசலில் வீட்டுக்காரரும் கோர்ட் அமீனாவும் ஏலத்துக்குத் தயாராக நின்றார்கள். இறக்கிய இரும்பு ஷட்டரின் நட்டநடுவில், அதன் மடிப்புகளுக்குக் குறுக்கே, நோட்டீஸ் ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டியிருந்தது. துப்பறிவாளர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"சீல் வைக்கிறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி. காலையில, கடை திறக்கறதுக்குள்ள. இதே இடம், இதே காகிதம். அப்புறம் நான் தொடவே இல்ல." அமீனா கொட்டாவி விட்டார்.

"அந்தப் பதினஞ்சு நாளும் கடை திறந்திருந்துச்சா?"

"ஒருநாள் விடாம," என்று வீட்டுக்காரரே முந்திக்கொண்டார். "வியாபாரம் ஜோராத்தான் நடந்துச்சு. எனக்குத்தான் வாடகை வரல."

"நல்லது. அமீனா சார், சீலை எடுத்துட்டு ஷட்டரைக் கொஞ்சம் தூக்குங்க. உள்ள இருக்கற சாமானைப் பார்க்கணும்."

"இப்ப எப்படி சார்? ஷட்டர் சுருண்டா நோட்டீஸ் கிழிஞ்சிடுமே."

சொன்ன பிறகுதான் அமீனாவுக்கு உறைத்தது. மச்சினன் வாயைப் பிளந்தான்.

"இந்தம்மா தினமும் காலையில இதைச் சுருட்டியிருக்காங்க, சாயங்காலம் இறக்கியிருக்காங்க," என்றார் துப்பறிவாளர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. "அப்பல்லாம் கிழியாத காகிதம் இப்ப மட்டும் கிழியுமா? கடைசியா ஷட்டர் இறங்கினது சீல் வெச்ச அன்னிக்கு. அதுக்கப்புறம் ஒட்டினதுதான் இது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குய்யா."

அமீனா தலையைச் சொறிந்தார். "ரெண்டு தடவை யார் நடக்கறதுன்னு, எப்பவும் சீல் வைக்கிற அன்னிக்கே இதையும் சேர்த்து ஒட்டிடுவேன் சார். மத்த இடமெல்லாம் மரக்கதவு. யாரும் கேட்டதில்ல."

துப்பறிவாளருக்குப் பல்வலியையும் மீறி ஆத்திரம் வந்தது. ஒருவர் நடக்கச் சோம்பல்பட்டதற்கு இன்னொருத்தியின் பிழைப்பு ஏலத்துக்கு வந்துவிட்டது.

அமீனா சொன்னதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி அமீனாவை நிற்கவைத்துத் திட்டினார். ஏலத்தை ரத்து செய்து, சீலை எடுக்கச் சொல்லி, பதினைந்து நாள் தவணையைப் புதிதாகக் கொடுத்தார்.

சாயங்காலம் ஷட்டர் மேலே போனது. தையல்கார அம்மாள் நேராகப் போய் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

வீட்டுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "அப்ப இன்னும் பதினஞ்சு நாள் நான் காத்திருக்கணுமா?"

"வெளிச்சத்தை மறைக்காம நகருங்க," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "உங்க வாடகையைத்தான் தைச்சிட்டிருக்கேன்."