துவாய் சுற்றிய சைக்கிள்

அஸர் தொழுகைக்குப் பிறகு போன ஹஸ்மி, மஃரிபுக்குச் சற்று முன்னால் வீட்டுக்கு வந்தார். மவுண்டன் சைக்கிளைக் கிணற்றடிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கால் கழுவப் போனார். எல்லாம் வழமைபோலத்தான் இருந்தது. சைக்கிளின் பாரில் மட்டும் தலை துவட்டும் ஒரு துவாய் சுற்றி, பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பெயின்ட் உரசுது மபாஸா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் சைக்கிள் கடையில் வளர்ந்தவள். புத்தளத்தில் இருந்த வாப்பாவின் கடையில், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டியூப் ஒட்டுவதுதான் என் விளையாட்டு. பாரில் துணி சுற்றிக்கொண்டு வந்த ஆம்பிளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெயின்டைக் காப்பாற்ற எவனும் துணி சுற்றுவதில்லை. ஒருத்தியை முன்னால் டபிள் ஏற்றும்போது அவளுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் சுற்றுவான். நிக்காஹ் முடிந்த புதிதில் ஹஸ்மியும் எனக்காகச் சுற்றினார். என்னை முன்னால் இருத்திக்கொண்டு ஆலங்குடாக் கடற்கரைக்குப் போவார்.

அந்தத் துவாயை அலுமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்தேன். இப்போது பாரில் இருந்தது அதே நீலத் துவாய்.

மாம்புரியில், வீட்டோடு சேர்ந்த கொட்டிலில், நாங்கள் மவுண்டன் சைக்கிள்களை வாடகைக்கு விடுகிறோம். ஆலங்குடாவில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைத் தென்னந்தோட்டம், சவுக்குக்காடு, கடல்நீர்க் களப்புக்குப் போகும் பழைய கால்வாய்க் கரை என்று ஹஸ்மி கூட்டிக்கொண்டு போவார். பழுது பார்ப்பது நான். மழைக்காலத்தில் ஆட்கள் வருவது குறைவு. ஆனாலும் பாதையில் கிடக்கும் உடைமுள்ளைக் கூட்டித் தள்ள அவர் ஒவ்வொரு மாலையும் போவார். முள் குத்தினால் டியூப் ஒட்டுவது நான்தானே, எனக்காகத்தான் இந்தப் பாடு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மனிசன் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்.

துவாயை அவிழ்த்துக் கழுவிக் காயப் போட்டேன். மறுநாள் அது மறுபடியும் பாரில் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது நடுப்பகுதி மட்டும் நனைந்திருந்தது. அன்று மழை இல்லை. முகர்ந்து பார்த்தேன். அத்தர் மணக்கும், பவுடர் மணக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். கண்டல் வேரடிச் சேற்றில் கால் புதைந்தால் மேலே வருமே ஒரு வாடை, அதுதான் வந்தது.

அதன் பிறகு நான் டயர்த் தடம் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் ஒழுங்கை மணல் பாதை. பாரம் இல்லாத சைக்கிளின் முன் டயர் மேலோட்டமாகப் பதியும். முன்னால் ஆள் இருந்தால் டயரின் பூ எல்லாம் ஆழமாக விழும், ஓரமும் அகலும். ஹஸ்மி போகும்போது தடம் லேசாக இருந்தது. திரும்பி வந்த தடத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனேன். தென்னந்தோட்டத்துக் கேட்டடி வரைக்கும் அது ஆழமாக இருந்தது. அங்கிருந்து எங்கள் வீடு வரைக்கும் லேசு.

அங்கேதான் அவளை இறக்கி விடுகிறார் என்று புரிந்தது.

சில நாள் கழித்துப் பார்த்தேன். ஆழமான தடம் தோட்டத்தைத் தாண்டிப் பள்ளிவாசல் திருப்பம் வரை வந்திருந்தது. அதற்குப் பிறகு ஹாமீம் கடை. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் கரண்டுக் கம்பம். எவளோ ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக என் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இவருக்குத்தான் எவ்வளவு துணிச்சல் என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் கள்ளத்தனம் பண்ணுகிற ஆம்பிளைக்கு ஒரு களை இருக்கும். ஹஸ்மிக்கு அது இல்லை. கன்னம் ஒட்டிப்போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. எதற்கெடுத்தாலும் என்னைச் சீண்டிச் சிரிக்கிற மனிசன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கட்டிலில் சுவரோரம் ஒதுங்கிப் படுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர் எனக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன். யாரிடம் போகிறார் என்பதுதான் தெரியவில்லை.

கால்வாய்க் கரையில் கைவிட்ட இறால் பண்ணை ஒன்று இருக்கிறது. அதற்குக் காவல் இருப்பவர் பஸ்தியான் அண்ணன். நண்டு வாங்குகிற சாட்டில் அவரிடம் போனேன்.

"ஹஸ்மித் தம்பி நேத்தும் போனாரு" என்றார் அவர். "முன்னுக்கு இருந்தது உங்கட தங்கச்சியா?"

எனக்குத் தங்கச்சி இல்லை. ஆனாலும் "ஓம் அண்ணே, எங்க ஏறினா?" என்று கேட்டேன்.

"மதகடியில. முக்காடு போட்டிருந்தா, முகம் தெரியல்ல. சீல எல்லாம் நனைஞ்சு ஒழுகிச்சு." நண்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "மழையும் இல்ல தங்கச்சி. நான் அந்த மதகடியில நிக்கிறதில்ல."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். பொறாமைக்காரியின் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். இருக்கிறாள், சாட்சியும் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடிப்பது மட்டும்தான் பாக்கி.

அன்று மாலை அவருக்கு முன்பே என் லேடீஸ் சைக்கிளில் போய், அதைச் சவுக்கு மரங்களுக்குள் படுக்க வைத்துவிட்டு, மதகுக்கு எதிரே கண்டல் பற்றைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. கால்வாய் நீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

ஹஸ்மி வந்தார். பிரேக் பிடித்தார். ஒரு காலை நிலத்தில் ஊன்றினார்.

தவளைகள் நின்றன.

ஹேண்டிலில் இருந்து இடது கையை எடுத்தார். முன்னால் ஏறுகிறவளுக்கு வழி விடத் தூக்குவோமே, அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அங்கே யாரும் இல்லை.

அந்த முன் டயருக்குக் காலையில் நான்தான் கல்லு மாதிரிக் காற்று அடித்திருந்தேன். அது மெல்ல நசுங்கியது. பாரில் இருந்த துவாய் பள்ளமாக அமுங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

ஹஸ்மி கையைத் திரும்ப ஹேண்டிலில் வைத்தார். முகத்தில் முடி படாமல் ஒதுங்குகிறவர் போலக் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மிதித்தார். என்னைக் கடந்தபோது மெதுவாக யாருக்கோ பதில் சொன்னார்.

"ஓம். ஓம். இன்னும் கொஞ்சந்தான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பற்றையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு மனுசியைக் கண்டிருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது மஃரிபு பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஆழமான தடம் எங்கள் கேட் வரைக்கும் வந்திருந்தது. ஹஸ்மி குசினியில், அடுப்பங்கரையில் விளக்குப் போடாமல், ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாத்தன்" என்றேன். "இஞ்சாருங்க, அது ஆரு?"

அவள் காதில் விழக் கூடாது என்பதுபோல் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வீட்டடியில இறக்கி விடுங்க எண்டு கேட்டா. பொம்புளயாள், நனைஞ்சு நிக்கிறா, மஃரிபு நேரம். எப்பிடி மாட்டன் எண்டுற?"

எங்கள் பக்கத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லைதான். பொழுது படும் நேரம் கால்வாய்க் கரையில் ஒரு பெண் நின்றால், யார் என்றுகூடக் கேட்காமல் டபிள் ஏற்றிக்கொண்டு வருவோம்.

"எந்த வீடு?"

"முதல்ல தோட்டத்துக் கேட்டடியில இறங்கினா. இது இல்ல, இன்னும் கொஞ்சம் எண்டா. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம்."

"போகாம இருக்க ஏலாதா?"

"கால் கேக்குதில்ல மபாஸா."

"இண்டைக்கு என்ன சொன்னா?"

அவர் ஜன்னல் வழியாக எங்கள் கேட்டைப் பார்த்தார். "ஒண்டும் சொல்லல்ல. வீட்டப் பாத்துச் சிரிச்சா."

அந்த இரவை எப்படிக் கழித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். விடிந்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூடியிருந்தது. இது என் வீடு, இவர் என் புருசன். அவளுக்கு ஒரு வீடு வேண்டுமென்றால் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

மாலையில் கொட்டிலில் இருந்த எல்லாச் சைக்கிள்களிலும் காற்றை இறக்கிவிட்டு வால்வுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். என் லேடீஸ் சைக்கிளில் முன்பார் இல்லை, பின்னால் கரியர்தான். நீலத் துவாயை அதில் சுற்றிக் கட்டினேன். ஹஸ்மி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே மதகடிக்குப் போனேன்.

தவளைகள் நின்றன.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறுங்க" என்றேன். "உங்கட வீட்ட நான் கொண்டு போய் விடுறன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சைக்கிள் பின்னால் சரிந்தது. என் இடுப்பைச் சுற்றி, அபாயாவுக்கு மேலாக, குளிர்ந்த ஈரம் ஒன்று படர்ந்தது. கீழே விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்வது போலத்தான் பிடித்தது.

மிதித்தேன். ஹஸ்மி போன திசையில் போகவில்லை. சவுக்குக்காட்டுக்குள் திருப்பி, கடலை நோக்கிப் போகும் ஒற்றையடிப் பாதையில் விட்டேன். பாரத்தில் தொடை கடுத்தது. காதருகே மூச்சுச் சத்தம் இல்லை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. காட்டு முடிவில், கடலோரத்தில், இறந்தவர்களை அடக்கிய எங்கள் பழைய மையவாடி இருக்கிறது. அதன் கேட்டடியில் நிறுத்தி, அங்கே இருப்பவர்களுக்கு ஸலாம் சொன்னேன்.

"இதுதான் உங்கட வீடு. இறங்குங்க."

அலைச் சத்தம் கேட்டது. இடுப்பில் இருந்த ஈரம் விலகியது. கரியர் மேலெழும்பியது. சைக்கிள் லேசானது.

நான் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காட்டைத் தாண்டி மணல் வந்ததும் இறங்கிப் பின் டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தேன். மேலோட்டமான தடம், பூ பாதிதான் பதிந்திருந்தது. தோட்டத்துக் கேட்டடியிலும் பார்த்தேன், பள்ளிவாசல் திருப்பத்திலும் பார்த்தேன். என் பாரம் மட்டும்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஹஸ்மி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முகம் பழைய முகம். "என்ன மபாஸா, ரேஸ் ஓடிட்டு வாறியா? பசிக்குது, நண்டுக்கறி ஈக்கிதா?" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு அவர் பசி என்று சொன்னார். நான் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

அவர் கேட்டை மூடவில்லை.

"என்னத்துக்குப் புடிச்சிட்டு நிக்கிறீங்க? பூட்டுங்க."

"பொறு" என்றார். "அவ நடந்து வாறா."

நான் ஒழுங்கையைப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் வந்த டயர்த் தடம் லேசாக, நேராகக் கிடந்தது. வழியெல்லாம் நான் அந்தத் தடத்தை மட்டுமே பார்த்திருந்தேன். சைக்கிள் கடைக்காரன் மகளுக்கு வேறு எங்கே கண் போகும்.

அதற்குப் பக்கத்தில், ஒழுங்கை முனையிலிருந்து எங்கள் கேட் வரை, வெறுங்காலடிகள் ஈரமாகப் பதிந்திருந்தன.

வழி அவளுக்குப் பழகியிருந்தது. இனிமேல் அவளுக்குச் சைக்கிள் தேவையில்லை.

ஹஸ்மி ஒதுங்கி வழி விட்டார். பிறகு கேட்டைப் பூட்டினார். என் கரியரில் இருந்த துவாயை அவிழ்த்துப் பிழிந்து, குசினிக்குக் கொண்டுபோய், ஜன்னலோரக் கதிரையில் விரித்தார்.

இப்போது மழைக்காலம் முடிந்துவிட்டது. ஹஸ்மி நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார், என்னைச் சீண்டுகிறார், மாலையில் எங்கும் போவதில்லை. நான் அந்தக் கதிரையில் உட்காருவதில்லை. தினமும் காலையில் துவாயை எடுத்துக் கொளுத்தும் வெயிலில் காயப் போடுகிறேன். மஃரிபு நேரத்தில் தொட்டுப் பார்த்தால் நடுப்பகுதி நனைந்திருக்கும்.

என் புருசன் மீது எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.